குகை ராக்கெட்டும் என் ஆள்காட்டி விரலும்

முதலில் செருப்பைத்தான் சந்தேகப்பட்டேன். புதிதாக வாங்கியது, கொஞ்சம் இறுக்கம். இரண்டு உள்ளங்கால்களிலும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. செருப்பை மாற்றிப் பார்த்தேன், எறும்பு போகவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு வந்து சரியாகிப் போயிருந்தது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்? எனக்கே தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் ஒத்தக்கடையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். டாக்டர்கள் சீட்டில் கிறுக்கும் வார்த்தைகளில் பாதி எனக்கு அத்துப்படி.

பக்கத்துத் தெரு டாக்டர், "கால்சியம் கம்மியா இருக்கும்மா" என்று மாத்திரை கொடுத்தார். என் கணவர் முருகேசன் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக் காலில் தேய்த்துவிட்டார். அவர் ஒரு கல்லூரியில் எலக்ட்ரீஷியன். எதையும் தேய்த்து, முறுக்கி, இறுக்கிப் பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிற மனிதர். எண்ணெய் தேய்த்த மறுநாள் காலையில் பேருந்தின் படியில் என் கால் ஏறவில்லை. "ஏறுறீகளா இல்லையாக்கா? வண்டிய எடுக்கணும்ல" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். கம்பியைப் பிடித்து என்னை நானே மேலே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பயம் வந்தது அதற்குப் பிறகு, வேலை செய்யும் இடத்தில். ரத்தம் எடுக்கிறவர்களுக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம். கையில் பட்டையைக் கட்டிவிட்டு முழங்கை மடிப்பில் ஆள்காட்டி விரலால் தடவினால், ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று விரல் சொல்லிவிடும். குண்டான கை, ஒல்லியான கை, பயத்தில் சில்லிட்டுப் போன கை, எதுவானாலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அன்று ஓர் அம்மா கையை நீட்டினார். தடவினேன். விரல் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை எடுத்தேன். அதன் ஈரம்கூடத் தெரியவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "கொஞ்சம் இருங்கம்மா, வேற ஆள் வருவாங்க" என்று வெளியே வந்து கணவருக்கு போன் போட்டேன்.

நகரத்துக்குள் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். காத்திருப்புக் கூடத்தில் சத்தமில்லாமல் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோர் கையிலும் ஒரு ஜவுளிக்கடைப் பை. பட்டுப்புடவை கட்டிய பெண் சிரிக்கும் பைக்குள் எக்ஸ்ரே படமும் ஸ்கேன் படமும். எங்கள் கையிலும் அப்படி ஒரு பைதான், என் கல்யாணப் புடவை வாங்கிய கடையினுடையது. டோக்கன் நம்பரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. நடந்து உள்ளே வந்தவளைச் சக்கர நாற்காலியில் வைத்து டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நரம்பு டாக்டர் ஒரு ரப்பர்ச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். நல்ல காலாக இருந்தால் துள்ளும். என் கால் சும்மா கிடந்தது. மறு காலைத் தட்டினார், கையைத் தட்டினார். எதுவும் அசையவில்லை. பிறகு இரண்டு பரிசோதனைகள். ஒன்று, முதுகை வளைத்துப் படுக்கவைத்து, தண்டுவடத்தைச் சுற்றி இருக்கும் நீரைக் கொஞ்சம் ஊசியால் எடுப்பது. ஆயுசு முழுக்க ஊசி குத்திய எனக்கே அந்த ஊசியைப் பார்த்ததும் நாக்கு வறண்டது. இன்னொன்று, நரம்பில் சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்து அது எத்தனை வேகமாக ஓடுகிறது என்று அளப்பது. ஒவ்வொரு தடவையும் வெடுக்கென்று சுண்டும். வலியைவிடத் திடுக்கிடல்தான் அதிகம்.

நோயின் பெயர் கிலன் பாரே. சுருக்கமாக ஜி.பி.எஸ். என்கிறார்கள். வயிற்றில் வந்த கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் நம் நரம்பையே அடிக்க ஆரம்பித்துவிடுகிறதாம். நரம்பின் மேலே ஓர் உறை இருக்கிறது. அது உரிந்துபோனால் மூளை சொல்வது கைக்கும் காலுக்கும் போய்ச் சேராது. டாக்டர் சொன்னதை என் கணவர் எனக்குத் தன் பாஷையில் மாற்றிச் சொன்னார்.

"கரண்டு இருக்கு கவி. பல்பும் நல்லாத்தேன் இருக்கு. நடுவுல வயருக்கு மேல இருக்குற உறை உரிஞ்சு போச்சு. அம்புட்டுதேன்."

"அம்புட்டுதேனா?"

"திரும்ப வளரும்னு சொல்றாரு. வயரு எங்கயாச்சும் தானா உறை போட்டுக்கிருமா? மனுச உடம்பு போட்டுக்கிருமாம்."

அவர் என்னிடம் சொல்லாமல் விட்ட பாதியை டாக்டரே வந்து சொன்னார். இது காலில் ஆரம்பித்து மேலே ஏறும். மூச்சு விடும் தசை வரைக்கும் ஏறினால் கொஞ்ச நாள் இயந்திரம்தான் மூச்சு விட வேண்டும். பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். யார் எவ்வளவு தேறுவார்கள், எந்த விரலில் எவ்வளவு பலம் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அதனால் முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே நர்ஸ் அடிக்கடி வந்து, மூச்சை நன்றாக இழுத்து, அதே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் மூச்சுத் தசை தளர்கிறது என்று அர்த்தம். எனக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்தது. நான் கடைசி எண்களை வேகமாகச் சொல்லி ஒப்பேற்றப் பார்த்தேன். "ரேஸா ஓடுறீங்க? மெதுவா எண்ணுங்க" என்று நர்ஸ் அதட்டினார். என் முகத்துக்கு நேரே ஒரு மூச்சு இயந்திரத்தைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்காமல் இருக்கக் கழுத்தைத் திருப்பலாம் என்றால் கழுத்தும் சொன்னபடி கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொள்வேன்.

மருந்து சின்னக் கண்ணாடி பாட்டில்களில் வந்தது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்து. விலையைச் சொன்னால் அதற்கே தனியாக மயக்கம் வரும். பில் என்ற வார்த்தையை என் முன்னால் யாரும் எடுக்கக் கூடாது என்று என் கணவர் தடை போட்டிருந்தார். அவர் கழுத்துச் சங்கிலி காணாமல் போனதைப் பார்த்தேன். "எங்கே?" என்று கேட்கவில்லை. அவரும் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்.

நோய் மூச்சு வரைக்கும் வந்து, அங்கே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று கேட்டால் மருந்து என்பார் டாக்டர். எங்கள் அம்மாவைக் கேட்டால் மீனாட்சி அம்மன் என்பார். இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள்.

வார்டில்தான் உண்மையான நோய் ஆரம்பித்தது என்று சொல்வேன். தீவிர சிகிச்சையில் பயப்பட மட்டும்தான் நேரம் இருந்தது. இங்கே யோசிக்க நேரம் இருந்தது. கை இரண்டும் போர்வை மேல் கிடக்கும். என் கைதான், ஆனால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் கிடக்கும். செல்லூரிலிருந்து அம்மா தூக்குவாளியில் மிளகு ரசமும் குழைந்த சோறும் கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போவார். என் மகளை அவர்தான் வைத்துக்கொண்டிருந்தார். கணவர் காலையில் எனக்குத் தலை சீவிச் சடை பின்னுவார். இரண்டு புரியாகப் பின்னி, அதைச் சடை என்று சாதிப்பார்.

உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணின் பெயர் ஜெசிந்தா. தசைகளுக்கு அவர் மார்க் போடுவார். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்யம். அசைவில்லாமல் சதை மட்டும் துடித்தால் ஒன்று. பூமியின் இழுப்பை எதிர்த்துத் தூக்க முடிந்தால் மூன்று. என் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து, "மடக்குங்க" என்றார். உயிரைக் கொடுத்து மடக்கினேன். "ஒண்ணு" என்றார்.

அந்தச் சமயம் என் தம்பி பாண்டி கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு இப்படி என்று தெரிந்ததும் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, இங்கிருந்தே வேலை பார்ப்பதாக ஆபீசில் சொல்லிவிட்டு வந்துவிட்டான். ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றுகிற ஆள். ஊசி போட நர்ஸ் வந்தால் ஜன்னல் வழியாக ஊரை ரசிக்க ஆரம்பித்துவிடுவான்.

ஜெசிந்தா போனதும் அவன் சொன்னான், "பூமி இழுக்குறத எதுத்து மேல தூக்கணுமாம். நம்ம குகை ராக்கெட் மாதிரியே சொல்றாங்கள்லக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முகத் தசையும் தளர்ந்திருந்ததால் பாதி முகம்தான் சிரித்திருக்கும்.

குகை ராக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கல்லூரியிலும் அவன் பள்ளிக்கூடத்திலும் படித்த காலத்தில், செல்லூரில் எங்கள் சந்து முனையில், ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்தது. கீழ்த்தளத்தில் விசைத்தறி. தறி ஓடினால் மேலே கம்ப்யூட்டர் மேசை நடுங்கும். பலகை வைத்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட திரைச்சீலை, ஒரே நாற்காலி. ஃபேன் காற்று சென்டரை நடத்திய அண்ணனுக்கு மட்டும். வியர்வையும் சூடான மானிட்டரும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இன்றைக்கும் எங்காவது பழைய டிவியைத் திறந்து ரிப்பேர் பார்க்கிற கடையைத் தாண்டினால் அந்த வாசனை வரும். ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

நான் பரீட்சை முடிவு பார்க்கவும் பாடத்துக்குக் குறிப்பு எடுக்கவும் போவதாகப் பெயர். அம்மா தம்பியைத் துணைக்கு அனுப்புவார். பெண்பிள்ளையைத் தனியே மாடிக்கு அனுப்பக் கூடாது என்று அவருக்கு நினைப்பு. துணைக்கு வந்தவன்தான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தான். இலவசம். எதையும் பதிவிறக்க வேண்டாம், பக்கத்தைத் திறந்தால் போதும். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளால் வரைந்த குகை. அதற்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு ராக்கெட். மேல் அம்புக்குறியை அமுக்கினால் அடியில் நெருப்பு வந்து ஏறும். விட்டால் விழும். இடம், வலம் அம்புக்குறிகள் திருப்புவதற்கு. சுவரில் பட்டால் வெடிக்கும். வெடித்தால் மறுபடி மேடையிலிருந்து. அவ்வளவுதான் விளையாட்டே. அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. நாங்கள் அந்தப் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆளுக்கு ஓர் ஆட்டம் என்று வைத்தால் சண்டை வந்தது. எனக்கு வெடிக்க நேரமாகும், அவன் சீக்கிரம் வெடிப்பான். அதனால் ராக்கெட்டையே பங்கு பிரித்துக்கொண்டோம். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து, திருப்புவது அவன், ஏற்றுவது நான். ஒரு ராக்கெட்டுக்கு இரண்டு ஓட்டுநர். எங்களுக்குள் ஒரே சட்டம்தான். செத்தாலும் பரவாயில்லை, அடுத்தவர் பட்டனைத் தொடக் கூடாது. "அமுக்குக்கா, அமுக்கு, விடு, விடுக்கா!" என்று அவன் கத்த, "நீ திருப்புடா மொதல்ல!" என்று நான் கத்த, திரைக்கு அந்தப் பக்கமிருந்து சென்டர் அண்ணன், "பாப்பா, இங்க என்ன பாடமா நடக்குது, பஞ்சாயத்தா?" என்பார். ஆனால் நேரம் முடிந்த பிறகும் எங்களை உடனே எழுப்பிவிட மாட்டார். குகைக்குள் இருக்கிறவர்களை நடுவில் எழுப்பக் கூடாது என்று அவருக்கும் ஒரு கொள்கை இருந்தது.

எனக்குக் கல்யாணம் ஆனது. அவனுக்கு வேலை கிடைத்தது. சென்டர் இருந்த மாடியில் இப்போது ஒரு தையல் யூனிட். அந்த விளையாட்டு ஓடிக்கொண்டிருந்த மென்பொருளையே உலகம் நிறுத்திவிட்டது என்று பாண்டி ஒரு தடவை போனில் சொன்னான். பண்டிகைக்கு வருவான், சாப்பிடுவான், மாமாவுடன் பேசுவான், போய்விடுவான். பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு அரை மணி நேரம் பேசியே பல வருடங்கள் ஆகியிருந்தன. நோய் வராமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். இதைச் சொல்லும்போது நோய்க்கு நன்றி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. நன்றியெல்லாம் கிடையாது. ஆனால் அந்த வார்டு நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கம் வருகிறது, அதை மறைப்பானேன்.

மறுநாள் அவன் லேப்டாப்பைத் திறந்து, கட்டிலுக்குக் குறுக்கே வரும் சாப்பாட்டு மேசையில் வைத்து என் மார்புக்கு நேரே தள்ளினான். கறுப்புத் திரை, பச்சைக் கோடு, மேடை மேல் ராக்கெட். உலகத்தில் எங்கோ யாரோ ஒருவர், எங்களைப் போலவே ஆடி வளர்ந்தவர் போலும், அதைப் புதிதாக எழுதி இலவசமாகவே வைத்திருக்கிறார். உள்ளே போகப் பெயர் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் நின்றது. துடைக்கக் கை வராது, பாண்டிதான் துடைத்தான்.

"நீ எப்பவும் போல மேல் பட்டனு. நான் திருப்புறேன்" என்று என் ஆள்காட்டி விரலை எடுத்து அம்புக்குறி மேல் வைத்தான்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. ராக்கெட் மேடையிலேயே நின்றது. இரண்டாம் நாளும் அப்படியே. அன்று நான் சாப்பிடவில்லை. அம்மா கொண்டுவந்த சோற்றை அப்படியே திருப்பி அனுப்பினேன். அதற்கு மறுநாள், அமுக்கு என்று மனசால் விரலுக்குச் சொன்னதும் ராக்கெட்டின் அடியில் நெருப்பு வந்தது. ஏறியது! பாண்டி இடது பக்கம் திருப்பினான், முதல் வளைவைத் தாண்டினோம். "அமுக்குக்கா! விடு! அமுக்கு!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான். என் விரலுக்குத் தொடு உணர்வு இல்லாததால் பட்டன் அமுங்குவது தெரியவில்லை. ராக்கெட் ஏறுவது தெரிந்தது, அது போதாதா? அன்று இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டேன். கணவர் கேன்டீனிலிருந்து கேசரி வாங்கிவந்து பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

பக்கத்துக் கட்டிலில் பக்கவாதம் வந்த ஓர் அம்மா. அவரைப் பார்த்துக்கொண்ட மருமகள் ராணி, வண்டியூர்க்காரி, வாய் ஓயாதவள். "என்னமோ ராக்கெட்டுங்குறாக. எங்க அத்தைக்கும் ஒண்ணு போட்டு விடுங்கப்பா" என்றாள்.

அடுத்த நாள் டாக்டர் வந்தபோது பெருமையாகச் சொன்னேன், "விரல் வேலை செய்யுது சார்." அவர் தன் விரலை என் உள்ளங்கையில் வைத்து, "அமுக்குங்க பாப்போம்" என்றார். அமுக்கினேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்லது, நல்லது" என்று இரண்டு தடவை சொன்னார். அந்த இரண்டாவது நல்லது எனக்குப் பிடிக்கவில்லை. ஜெசிந்தா வந்தார். விரலைப் பிடித்துப் பார்த்தார். மார்க் ஒன்றிலேயே நின்றது.

எங்கள் பரிசோதனை நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரிசல்ட் ஒன்று சொல்ல, ஆள் வேறு மாதிரி இருந்தால் ரிசல்ட்டை நம்பாதே, மறுபடி எடு. அன்று பின்னேரம் பாண்டி லேப்டாப்பைத் திறந்து, விரலை எடுத்து வைத்து, "அமுக்குக்கா" என்றான்.

நான் அமுக்கவில்லை. மனசால்கூட முயற்சி செய்யவில்லை. சும்மா திரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ராக்கெட் ஏறியது.

"பாண்டி, நான் இப்ப அமுக்கவே இல்லடா."

"என்னக்கா சொல்ற?" ராக்கெட் குகைச் சுவரில் முட்டி வெடித்தது.

"நான் அமுக்கல. அது எப்புடி ஏறுச்சு?"

மேசை ஆடாமல் இருக்க லேப்டாப்பைப் பிடித்துக்கொள்வதாக அவன் இடது கையை எப்போதும் அந்தப் பக்கம் வைத்திருப்பான். படுத்திருக்கும் எனக்குத் திரைதான் தெரியும், அந்தக் கை தெரியாது. அதை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"டபிள்யூ எழுத்த அமுக்குனாலும் ஏறும்க்கா" என்றான். "நீ அன்னைக்குச் சோத்த அப்படியே திருப்பி அனுப்பிட்டக்கா. மூஞ்சியவே பாக்க முடியல. அதேன்."

"அடுத்தவக பட்டனத் தொடக் கூடாதுன்னு நமக்குள்ள சட்டம் இருக்கா இல்லையா?"

"இருக்குக்கா."

"வெளிய போ."

"அக்கா..."

"போடா வெளிய!"

இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அன்று என் உடம்பில் இருந்த மொத்தப் பலமும் அந்த இரண்டு வார்த்தைக்குப் போனது. தம்பி மேல் கோபம் பாதிதான். மீதி பயம். இவன் பொய் சொன்னால், வேறு யார் யார் சொல்கிறார்கள்? சரியாகிவிடும் என்று சிரித்த நர்ஸ், உறை வளரும் என்ற கணவர், நல்லது நல்லது என்ற டாக்டர். எல்லோரும் இடது கையால் ஏதோ ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறார்களா?

கணவர் வந்ததும் கேட்டேன், "பாண்டி செஞ்சது உங்களுக்குத் தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டார். தெரியும்.

"அப்ப இதுக்காவது உண்மையச் சொல்லுங்க. நான் மறுபடி ஊசி பிடிப்பேனா, மாட்டேனா?"

அவர் என் கையைப் பார்த்தார். "தெரியல கவி" என்றார். "டாக்டருக்கும் தெரியல. தனியா போயிக் கேட்டுப் பாத்துட்டேன். பிடிச்சாலும் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம்னுதேன் சொல்றாரு. உன்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம அலைஞ்சுக்கிட்டு இருக்கேன்."

அழுதேன். அவரும் அழுதார். ஆனால் அந்த மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த நம்பத்தகுந்த முதல் ரிசல்ட் அதுதான். தெரியாது என்றால் தெரியாது. அதை வைத்துக்கொண்டு ஒருத்தி படுத்துத் தூங்கலாம்.

காலையில், "அவன வரச் சொல்லுங்க" என்றேன். பாண்டி மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தானாம். கணவர் போய், "மாப்ள, வா, கூப்புடுறா. அடிக்க மாட்டா, அதுக்குக் கை வராது" என்று கூட்டிவந்தார்.

"லேப்டாப்பத் தொற" என்றேன். "விரல எடுத்து வையி. வச்சுட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கு. நான் பாக்கணும்."

தூக்கினான். ராக்கெட் மேடையில் நின்றது. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அது நின்றுகொண்டே இருந்தது. நான் களைத்துப் போனதும், "போதும்" என்றேன். கையை இறக்கினான். அன்றிலிருந்து தினமும் அதுதான். இந்த நோயில் தசையை ரொம்பவும் வருத்தக் கூடாது, களைத்தால் உள்ளதும் குறையும் என்று ஜெசிந்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம். "ஏம்ப்பா, போலீஸ் பிடிச்ச மாதிரி எம்புட்டு நேரந்தேன் கையத் தூக்கிக்கிட்டு உக்காந்திருப்ப?" என்பாள் ராணி. "இது எங்கக்கா கோர்ட்டு, அக்கா. இங்க ஜாமீன் கிடையாது" என்பான் பாண்டி. எனக்குச் சாப்பாடு இறங்கியது. ராக்கெட் நிற்கிறதா, நிற்கட்டும். அது நிஜமாக நிற்கிறது.

இதே நோய் வந்தவர்களோ வீட்டில் ஒருவருக்கு வந்தவர்களோ இதைப் படித்தால் உங்களுக்கு இரண்டு வார்த்தை. காலில் எறும்பு ஊர்ந்து, அது மேலே ஏறிக்கொண்டே வந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே பெரிய டாக்டரிடம் போங்கள். தேறுவது மாதக்கணக்கில் நடக்கும், அவசரப்பட்டால் நடக்காது. நான் இப்போது பிடிமானத்தோடு நடக்கிறேன். நுனிவிரல்களில் உணர்வு இன்னும் முழுசாக வரவில்லை. பரிசோதனை நிலையத்தில் எனக்கு வரவேற்பு மேசையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஊசி இன்னும் பிடிக்கவில்லை. பிடிப்பேனா என்று கேட்டால் என் பதிலும் என் கணவரின் பதில்தான். அப்புறம், நோயாளியிடம் பொய் சொல்லாதீர்கள். நாங்கள் படுத்துக்கொண்டேதான் இருக்கிறோம், எல்லாவற்றையும் கவனிக்க எங்களுக்கு நேரம் இருக்கிறது.

முடிப்பதற்கு முன்னால், வார்டில் ஒரு மத்தியானம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா தூக்குவாளியைத் திறந்து ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். பாண்டி என் விரலை எடுத்து வைத்துவிட்டு, வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கினான். கணவர் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. அமுக்கினேன்.

ராக்கெட்டின் அடியில் நெருப்பு வந்தது.

முதலில் அவன் கையைத்தான் பார்த்தேன். இரண்டும் தலைக்கு மேலேயே இருந்தன. திரையைப் பார்த்தேன். ராக்கெட் மேடையை விட்டு எழும்பி ஏறிக்கொண்டிருந்தது. விட வேண்டும் என்று தெரிகிறது, விரலைத் தூக்க வரவில்லை. அமுக்கத்தான் வந்திருக்கிறது, தூக்க வரவில்லை. அது நேரே மேலே போய்க் குகையின் கூரையில் மோதி வெடித்தது.

"அய்யய்யோ, வெடிச்சிருச்சேப்பா! போச்சா?" என்று அம்மா கரண்டியோடு பதறினார்.

"கையத் தூக்கிக்கிட்டுதேன் இருந்தாப்புல! நான் பாத்தேன்!" என்று ராணி பக்கத்துக் கட்டிலிலிருந்து சாட்சி சொன்னாள். "நான் பாத்தேன்க்கா, தம்பி தொடவே இல்ல!"

பாண்டிக்குத் தூக்கிய கை தூக்கியபடி இருக்க, கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. மூக்கும் ஒழுகியது.

"கைய எறக்குடா" என்றேன்.

"மாட்டேன்க்கா" என்றான். "அம்மா, அக்கா விரல கொஞ்சம் தூக்கி, திரும்ப அதே பட்டன்ல வையி. இன்னொரு தடவ அமுக்கட்டும். அப்புறம் எறக்குறேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையால் முதலில் அவன் முகத்தைத் துடைத்தார். பிறகு, ரசம் பட்ட தன் விரல்களால் என் விரலை எடுத்துச் சரியாக அந்த அம்புக்குறி மேல் வைத்தார். அமுக்கினேன்.